தமிழ்நாட்டில் தொலைநிலைக் கல்வியும் தொழில்நுட்பமும்

தொலைநிலைக் கல்வி என்பது ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் கூடாமல் கற்பித்தலும் கற்றலும் நடைபெறும் கல்வி முறையாகும். இருவருக்கும் இடையிலுள்ள தொலைவை ஏதேனும் ஓர் ஊடகம் நிரப்ப வேண்டியிருப்பதால், இம்முறையின் வரலாறு பெருமளவுக்கு அதன் ஊடகங்களின் வரலாறாகவே அமைந்துள்ளது. தமிழ்நாட்டில் பல்கலைக்கழக அளவிலான தொலைநிலைக் கல்வி 1971 ஆம் ஆண்டில் அஞ்சல் வழியாகத் தொடங்கியது. பின்னர் வானொலி, தொலைக்காட்சி, செயற்கைக்கோள், இணையம், கைப்பேசி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அதில் இடம்பெற்றன. புதிய ஊடகம் ஒவ்வொன்றும் கல்வியின் எல்லையை விரித்தது. அதே வேளையில், அந்த ஊடகத்துக்குத் தேவையான வசதி இல்லாதவர்கள் என்னும் ஒரு புதிய பிரிவினரையும் உருவாக்கியது. இவ்விரு விளைவுகளையும் ஒருங்கே காண ஏற்ற இடங்களுள் ஒன்று தருமபுரி மாவட்டம்.

பெயர்களும் வரையறையும்

இக்கல்வி முறை தமிழில் தொடக்கத்தில் அஞ்சல்வழிக் கல்வி என்று அழைக்கப்பட்டது. அஞ்சலுடன் பிற ஊடகங்களும் சேர்ந்தபோது தொலைநிலைக் கல்வி, தொலைதூரக் கல்வி ஆகிய பெயர்கள் வழக்குக்கு வந்தன. திறந்தநிலைக் கல்வி என்பது சற்று வேறுபட்ட கருத்து. சேர்க்கைத் தகுதி, வயது, படிப்பை முடிக்கும் காலம் ஆகியவற்றில் நெகிழ்வு காட்டும் முறையை அது குறிக்கும். இணையவழிக் கல்வி என்பது பாடம், கலந்துரையாடல், மதிப்பீடு ஆகியவை முதன்மையாக இணையத்தின் வழியே நடைபெறுவதைக் குறிக்கிறது.

ஆத்திரேலியக் கல்வியாளரான ஜேம்ஸ் டெய்லர் தொலைநிலைக் கல்வியை ஐந்து தலைமுறைகளாகப் பகுத்தார். அவை அஞ்சல்வழி, பல்லூடகம், தொலைக்கற்றல், இணையவழி நெகிழ்வுக் கற்றல், தானியங்கு வசதிகளுடன் கூடிய நெகிழ்வுக் கற்றல் என்பனவாகும். அமெரிக்கக் கல்வியாளரான மைக்கேல் மூர், தொலைநிலைக் கல்வியில் தொலைவு என்பது கிலோமீட்டரை மட்டும் பொறுத்ததன்று என்றார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உரையாடல் எந்த அளவுக்கு நிகழ்கிறது என்பதையும், பாடத்திட்டம் எந்த அளவுக்கு இறுக்கமானது என்பதையும் பொறுத்தே அத்தொலைவு கூடும் அல்லது குறையும் என்பது அவரது கோட்பாடு. இதன்படி, மாணவர் வினா எழுப்ப இடம் தராத நேரடி ஒளிபரப்பைவிட, திருத்தப்பட்டுத் திரும்பி வரும் ஒரு விடைத்தாள் மாணவருக்கு நெருக்கமானதாக இருக்கக்கூடும்.

அஞ்சலும் அச்சும்

இங்கிலாந்தில் 1840 ஆம் ஆண்டில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. ஐசக் பிட்மன் தாம் உருவாக்கிய சுருக்கெழுத்தை அஞ்சல் வழியாகக் கற்பிக்க இது வழிவகுத்தது. குறைந்த கட்டணத்தில் நம்பகமான அஞ்சல் சேவை கிடைத்ததே இம்முறைக்கு அடித்தளமாகும். இலண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டில் வெளிமாணவர்கள் தேர்வெழுதிப் பட்டம் பெற வழிசெய்தது.

இந்தியாவில், அப்போதைய பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவர் தௌலத் சிங் கோத்தாரி தலைமையிலான வல்லுநர் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1962 ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இக்கல்வியைத் தொடங்கிய பல்கலைக்கழகங்களுள் முதன்மையானவை:

* மதுரைப் பல்கலைக்கழகம் (இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம்) – 1971
* அண்ணாமலைப் பல்கலைக்கழகம் – 1979
* சென்னைப் பல்கலைக்கழகம் – 1981

இம்முறையில் அச்சிட்ட பாடநூல்கள் தொகுதி தொகுதியாக மாணவரின் முகவரிக்கு வந்து சேர்ந்தன. மாணவர் ஒப்படைப்புகளை எழுதி அனுப்பினார். அவை திருத்தப்பட்டுத் திரும்பின. விடுமுறை நாட்களில் நகரங்களில் நேர்முகத் தொடர்பு வகுப்புகள் நடைபெற்றன. ஆண்டு இறுதியில் தேர்வு மையத்தில் எழுத்துத் தேர்வு நடந்தது. பணியில் இருந்தோர், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்பட்ட ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும், திருமணத்தால் படிப்பை நிறுத்திய பெண்கள் ஆகியோருக்கு இது பெரிதும் உதவியது.

அஞ்சல்வழிக் கல்வியின் குறை காலத்தாழ்வு ஆகும். ஓர் ஐயம் எழுந்தால், அதற்கு விடை வர வாரக்கணக்கில் காத்திருக்க நேரிட்டது. ஆயினும் அச்சு நூலுக்கு மின்சாரமோ கருவியோ தேவையில்லை; இரவில், பேருந்தில், வேலை இடைவேளையில் எங்கும் அதைப் படிக்கலாம். பல நிறுவனங்களில் அச்சு நூல் இன்றும் முதன்மைப் பாடப்பொருளாக நீடிப்பதற்கு இதுவே காரணம்.

வானொலி

அச்சு நூல் எழுத்தறிந்தோருக்கு மட்டுமே உரியது. அவ்வரம்பை முதலில் கடந்த ஊடகம் வானொலி. சென்னை வானொலி நிலையம் 1938 ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. 1960களில் தஞ்சாவூர்ப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகை, வானொலி வேளாண் நிகழ்ச்சிகளின் துணையுடன் பரவியதால் உழவர்களிடையே "வானொலி நெல்" என்றே பெயர்பெற்றது. பட்டமும் தேர்வும் இல்லாமலே ஒலி வழியாகக் கற்பிக்க இயலும் என்பதற்கு இது தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு.

உயர்கல்விக்கென ஞானவாணி என்னும் பண்பலை வானொலித் திட்டம் 2001 ஆம் ஆண்டில் தொடங்கியது. மாணவர்கள் தொலைபேசி வழியாக வினா எழுப்பும் நிகழ்ச்சிகளும் இதில் இடம்பெற்றன. வானொலியின் குறை, ஒலிபரப்பு நேரத்தைத் தவறவிட்டால் பாடமும் தவறிவிடும் என்பதாகும்.

தொலைக்காட்சியும் செயற்கைக்கோளும்

பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, 1971 ஆம் ஆண்டில் தன் முதல் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியது. அச்சு நூல், பிபிசி ஒளிபரப்பு, உள்ளூர்ப் பயிற்றுநர் ஆகிய மூன்றையும் ஒன்றிணைத்த அதன் முறை பல நாடுகளுக்கு முன்மாதிரியானது. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982 ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. இலங்கையில் 1980 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் மண்டல நிலையம் உள்ளது.

இந்தியாவில் செயற்கைக்கோள் வழிக் கல்வியின் முதல் பெரிய சோதனை 1975 ஆகத்து 1 முதல் 1976 சூலை 31 வரை நடைபெற்றது. அமெரிக்காவின் ஏ.டி.எசு-6 செயற்கைக்கோள் வழியாக ஆந்திரப் பிரதேசம், பீகார், கருநாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா (இன்றைய ஒடிசா), இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் நேரடியாகச் சென்றன. ஊர்ப் பொதுவிடத்தில் கம்பிவலையாலான வட்ட அலைவாங்கி அமைக்கப்பட்டு, ஊரார் கூடிப் பார்த்தனர். தமிழ்நாடு இச்சோதனையில் இடம்பெறவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15 அன்று தொடங்கியது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடளாவிய வகுப்பறை நிகழ்ச்சி 1984 ஆம் ஆண்டில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் கல்வி ஒளிப்படைப்பு மையங்கள் செயற்பட்டன. 1990களில் ஒருவழி ஒளியும் இருவழி ஒலியும் கொண்ட தொலைக்கருத்தரங்கு முறை பரவியது. ஆசிரியரைத் திரையில் காணும் மாணவர், படிப்பு மையத்திலிருந்து தொலைபேசியில் கேள்வி கேட்பார். கல்விக்கெனத் தனி அலைவரிசையான ஞானதர்சன் 2000 ஆம் ஆண்டு சனவரி 26 அன்று தொடங்கியது.

*எடுசாட்*

கல்விக்கென்றே வடிவமைக்கப்பட்ட இந்தியச் செயற்கைக்கோளான எடுசாட், 2004 செப்டம்பர் 20 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இதன் எடை 1,950 கிலோகிராம். நாட்டை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கதிர்க்கற்றை வழங்கியது இதன் சிறப்பு. இதனால் அந்தந்த மண்டலத்தின் மொழியில் பாடம் நடத்த முடிந்தது. பெறும் இடங்களில் இரு வகை முனையங்கள் இருந்தன. ஒரு வகை முனையத்தில் பாடத்தைப் பார்க்க மட்டுமே இயலும். மற்றொன்றில் ஆசிரியருடன் உரையாடவும் இயலும். இரண்டாம் வகை விலை மிகுந்தது. எடுசாட் 2010 செப்டம்பரில் சேவையிலிருந்து நீக்கப்பட்டது. கல்வி அலைவரிசைகள் பிற செயற்கைக்கோள்களுக்கு மாற்றப்பட்டன.

கணினியும் இணையமும்

*தமிழ் எழுத்துச் சிக்கல்*

இணையம் வழியாகத் தமிழில் கற்பிப்பதற்கு முன்னர், கணினியில் தமிழைத் தடையின்றி எழுதவும் படிக்கவும் வேண்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்ததால், ஒரு கணினியில் உருவாக்கிய பாடம் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடு, விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டுக்கும் தரங்களை உருவாக்கியது. தமிழ் 99 விசைப்பலகை இதன் விளைவாகும். பின்னர் ஒருங்குறி முறை பரவியதும் இச்சிக்கல் பெருமளவுக்குத் தீர்ந்தது. தமிழ்நாடு அரசு 2010 ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

*தமிழ் இணையப் பல்கலைக்கழகம்*

அதே மாநாட்டின் தொடர்ச்சியாக 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. தமிழ்ப் பள்ளிகள் அருகில் இல்லாத அயல்நாட்டுத் தமிழரின் பிள்ளைகளுக்கும் தமிழில் ஆர்வம் கொண்ட பிறருக்கும் மொழியைக் கற்பிப்பது இதன் நோக்கம். சான்றிதழ் நிலை முதல் பட்டம் வரையிலான பாடங்களையும் மின்னூலகத்தையும் இது வழங்கியது. இதன் தலைவராகப் பணியாற்றிய வா. செ. குழந்தைசாமி, முன்னர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். இந்நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. இதன் தலைமையிடம் சென்னை சைதாப்பேட்டை.

*திறந்த இணையவழிப் படிப்புகள்*

இந்திய தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003 ஆம் ஆண்டில் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. தொடக்கத்தில் பொறியியல் விரிவுரைகள் காணொளிகளாக வெளியிடப்பட்டன. 2014 ஆம் ஆண்டு முதல் சான்றிதழ்ப் படிப்புகள் நடத்தப்படுகின்றன. பாடத்தை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்தில் நேரில் தேர்வெழுத வேண்டும்.

நடுவண் அரசின் ஸ்வயம் தளம் 2017 சூலை 9 அன்று தொடங்கப்பட்டது. இதன் பாடங்கள் காணொளி, படிப்புப் பொருள், தன்மதிப்பீட்டுத் தேர்வு, கலந்துரையாடல் அரங்கு ஆகிய நான்கு கூறுகளைக் கொண்டவை. இணையம் எட்டாத இடங்களுக்காக, அதே நாளில் 32 அலைவரிசைகள் கொண்ட ஸ்வயம் பிரபா ஒளிபரப்பும் தொடங்கியது. ஒரு நாளில் குறைந்தது நான்கு மணிநேரப் புதிய நிகழ்ச்சிகளை ஒளிபரப்பி, அவற்றையே மேலும் ஐந்து முறை மறுஒளிபரப்புவது என இத்திட்டம் வகுக்கப்பட்டது. வானொலிக் காலம் முதல் இருந்துவந்த நேரச் சிக்கலுக்கு இது ஒரு தீர்வு. சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகம் 2020 ஆம் ஆண்டில் நிரலாக்கம், தரவு அறிவியல் ஆகிய துறைகளில் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது.

கைப்பேசி

கைப்பேசி பரவிய பின்னர் குரல்வழிக் கற்றல் மீண்டும் சிறப்புப் பெற்றது. பொதுநலவாய நாடுகளின் கற்றல் அமைப்பு, தேனி மாவட்டத்தில் விடியல் என்னும் தன்னார்வ நிறுவனத்துடன் இணைந்து ஊரகப் பெண்களுக்கு ஆடு வளர்ப்புப் பயிற்சியை நடத்தியது. பாடங்கள் சிறு குரல் செய்திகளாகக் கைப்பேசிக்கு வந்தன. கற்றலுடன் வங்கிக் கடனும் இணைக்கப்பட்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கற்க முடிந்தது இதன் சிறப்பு.

திறன்பேசி வந்தபின் காணொளியும் பாடநூலும் ஒரே கருவியில் கிடைத்தன. தமிழ்நாட்டில் 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய பள்ளிப் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியால் அவற்றை வருடினால் தொடர்புடைய காணொளி திறக்கும். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2023 ஆம் ஆண்டில் மணற்கேணி என்னும் செயலியை வெளியிட்டது.

தருமபுரி மாவட்டத்தில்

*பின்னணி*

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 ஆம் ஆண்டில் இதிலிருந்து கிருட்டிணகிரி மாவட்டம் தனியாயிற்று. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843. எழுத்தறிவு 68.5 விழுக்காடு. இது அக்கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களுள் மிகக் குறைந்த அளவாகும். மாநிலச் சராசரி 80.1 விழுக்காடு. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம், பாலக்கோடு வட்டங்களில் காடும் மலையும் சூழ்ந்த ஊர்கள் பல உள்ளன. சித்தேரி மலை, வத்தல்மலை ஆகியவற்றில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். பெங்களூர், ஓசூர், திருப்பூர் ஆகிய நகரங்களுக்கு வேலை தேடிச் செல்வோரும் இம்மாவட்டத்தில் மிகுதி.

இக்காரணங்களால் இங்குத் தொலைநிலைக் கல்விக்குத் தேவை மிகுதி. கல்லூரிக்கு நாள்தோறும் வந்து செல்ல இயலாதவர், வேலைக்குச் சென்றுவிட்டவர், பள்ளிப் படிப்போடு நிறுத்தப்பட்ட பெண்கள் ஆகியோருக்கு அதுவே உயர்கல்விக்கான வாய்ப்பாக உள்ளது. ஆனால் தொலைநிலைக் கல்வியின் ஊடகங்களுக்கு வேண்டிய எழுத்தறிவு, மின்சாரம், அலைவரிசை, கருவி வாங்கும் வசதி ஆகியவை குறைவாக உள்ளதும் இத்தகைய ஊர்களிலேயே.

*நிறுவனங்கள்*

தருமபுரி அரசு கலைக் கல்லூரி 1965 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சேலத்தில் 1997 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லையில் இம்மாவட்டம் அடங்கும். அப்பல்கலைக்கழகம் 2001 ஆம் ஆண்டில் தொலைநிலைக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மண்டல மையங்களுள் ஒன்று தருமபுரியில் உள்ளது. சேர்க்கை, பாடநூல் வழங்கல், வழிகாட்டல் போன்ற பணிகளுக்குத் தலைநகருக்குச் செல்லும் தேவையை இத்தகைய மையங்கள் குறைக்கின்றன.

*கருவிகளும் அலைவரிசையும்*

தமிழ்நாடு அரசு 2006 ஆம் ஆண்டில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தையும் 2011 ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டத்தையும் தொடங்கியது. கல்விக்கென வகுக்கப்படாத முதல் திட்டமும் பின்னர் கல்விக்குப் பயன்பட்டது. மாநில அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகத்து 26 அன்று தொடங்கியபோது, அதைப் பார்க்கத் தேவையான கருவி ஏழை வீடுகள் பலவற்றில் ஏற்கெனவே இருந்தது.

இணையத்தின் நிலை வேறு. 2017-18 ஆம் ஆண்டுத் தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவின் ஊரகக் குடும்பங்களில் 14.9 விழுக்காட்டினரிடமே இணைய வசதி இருந்தது; நகர்ப்புறத்தில் இது 42 விழுக்காடு. ஊரகக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டினரிடம் மட்டுமே கணினி இருந்தது. மலை ஊர்களில் நிலம் ஒரு கூடுதல் தடை. தருமபுரி மாவட்டத்தின் கோட்டூர்மலைக்கு வாகனம் செல்லும் சாலை இல்லாததால், 2019, 2021 ஆம் ஆண்டுத் தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் மீது ஏற்றிச் செல்லப்பட்டன. இத்தகைய ஊர்களுக்குக் கம்பிவடமும் கைப்பேசிக் கோபுரமும் கொண்டு செல்வது எளிதன்று. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை ஒளியிழை வடத்தால் இணைக்க, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது.

*பெருந்தொற்றுக் காலம்*

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ 19 மாதங்கள், அதுவரை விரும்பியோர் மட்டும் தேர்ந்தெடுத்து வந்த தொலைநிலைக் கல்வி, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வழியாயிற்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி முதன்மை ஊடகமாக அமைந்தது. திறன்பேசி உள்ள வீடுகளில் இணைய வகுப்புகளும் நடைபெற்றன. ஒரே திறன்பேசியை உடன்பிறந்தோர் பகிர்ந்துகொள்ளும் வீட்டிலும், அலைவரிசை கிடைக்காத ஊரிலும் நேரடி இணைய வகுப்பு பயன் தரவில்லை. ஒளிபரப்பு அத்தகைய வீடுகளையும் எட்டியது. ஆனால் திரையில் தோன்றிய ஆசிரியரிடம் கேள்வி கேட்க மாணவருக்கு வழி இல்லை.

இந்தக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாணவர்களின் குடியிருப்புகளுக்கு அருகிலேயே மாலை வகுப்புகளை நடத்தினர். ஊடகங்கள் நிரப்ப இயலாத இடத்தை, மாணவரின் அருகில் அமர்ந்து கற்பிக்கும் ஒருவரைக் கொண்டே நிரப்ப வேண்டியிருந்தது என்பதை இத்திட்டம் காட்டுகிறது.

ஒழுங்குமுறை

தொலைநிலைக் கல்வியைக் கண்காணித்து வந்த தொலைநிலைக் கல்விக் குழு 2013 ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டு, அதன் பொறுப்புகள் பல்கலைக்கழக மானியக் குழுவிடம் வந்தன. அடிப்படைப் பட்டம் இன்றித் திறந்தநிலை முறையில் பெறும் முதுகலைப் பட்டம் செல்லாது என 2009 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஆம் ஆண்டு விதிமுறைகள் தொலைநிலைப் படிப்புகளையும் இணையவழிப் படிப்புகளையும் தனித்தனியாக வரையறுக்கின்றன. ஒரு பட்டப்படிப்பின் பாடங்களில் ஸ்வயம் வழியாகக் கற்கக்கூடிய பங்கு 2016 ஆம் ஆண்டில் 20 விழுக்காடாக இருந்தது. 2021 ஆம் ஆண்டில் அது 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. தொலைநிலைப் படிப்பில் சேர்வோர், அந்த நிறுவனமும் குறிப்பிட்ட அப்படிப்பும் அவ்வாண்டுக்கு அங்கீகாரம் பெற்றுள்ளனவா என்பதை மானியக் குழுவின் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஊடகங்களின் ஒப்பீடு

* அச்சு, அஞ்சல் – எழுத்தறிவும் முகவரியும் தேவை. விரும்பிய நேரத்தில் படிக்கலாம். ஐயம் தீரக் காலம் ஆகும்.
* வானொலி – எழுத்தறிவு தேவையில்லை; செலவு குறைவு. ஒலிபரப்பு நேரத்தில் கேட்டாக வேண்டும்.
* தொலைக்காட்சி – மின்சாரமும் கருவியும் தேவை. செய்முறைகளைக் காட்ட ஏற்றது. பொதுவாக ஒருவழித் தொடர்பு.
* செயற்கைக்கோள் வகுப்பு – தொலைவிலுள்ளோருடனும் நேரில் உரையாடலாம். முனையம் உள்ள மையத்துக்கு மாணவர் வர வேண்டும்.
* இணையம் – இருவழித் தொடர்பு, விரும்பிய நேரம் ஆகிய இரண்டும் கிடைக்கும். கருவி, அலைவரிசை, தரவுக் கட்டணம் ஆகியவை தேவை.
* கைப்பேசிக் குரல் செய்தி – எழுத்தறிவும் திறன்பேசியும் தேவையில்லை. சிறு பாடங்களுக்கே ஏற்றது.

புதிய ஊடகம் வந்ததும் பழையது மறைந்துவிடவில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் அச்சு நூலையும் காணொளியையும் நேர்முக வகுப்பையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன.

இவற்றையும் பார்க்க

* தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்
* தமிழ் இணையக் கல்விக்கழகம்
* எடுசாட்
* கல்வித் தொலைக்காட்சி
* தருமபுரி மாவட்டம்